'கு' உருபு இல்லாத பதவி: மாக்ஸ் வான் டெர் ஸ்டூல்

அவர் வகித்த பதவியைத் தமிழில் எழுதச் சொன்னால் கை தானாகவே 'தேசியச் சிறுபான்மையினருக்கான உயர் ஆணையர்' என்று எழுதிவிடும். அது பிழை. ஆங்கிலப் பெயரில் அந்த இடத்தில் 'ஃபார்' கிடையாது, 'ஆன்' தான் இருக்கிறது. 1992 ஜூலையில் ஹெல்சின்கியில் கூடிய ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மாநாட்டின் (இன்றைய ஓ.எஸ்.சி.இ. அமைப்பு) உறுப்பு நாடுகள் தெரிந்தேதான் அப்படி வைத்தன. 'தேசியச் சிறுபான்மையினர் குறித்த உயர் ஆணையர்' என்பதே சரி. ஓர் உருபுதானே என்று விட்டுவிட முடியாது. 'கு' சேர்த்தால் அவர் சிறுபான்மையினரின் வக்கீல் ஆகிவிடுவார். அதை எடுத்துவிட்டால், சிறுபான்மையினரைச் சுற்றி எழும் தகராறு துப்பாக்கிச் சூடு வரை போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். தனிமனிதர்களின் புகாரை அவர் விசாரிக்க மாட்டார். தீர்ப்புச் சொல்லவோ அபராதம் போடவோ அவருக்கு அதிகாரம் இல்லை. எந்த நாட்டையும் எதற்கும் கட்டாயப்படுத்த முடியாது.

அந்தப் பதவிக்கு முதலில் வந்தவர் நெதர்லாந்தின் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல். (டச்சு மொழியில் 'ஸ்டூல்' என்றால் நாற்காலி. முறைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பிடித்து உட்காரவைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அமைந்த குடும்பப் பெயரைப் பாருங்கள்.) 1993 ஜனவரி 1 முதல் 2001 ஜூன் 30 வரை எட்டரை ஆண்டு அதில் இருந்தார். பொறுப்பேற்கும்போது வயது 68. இரண்டு முறை வெளியுறவு அமைச்சர் பதவி, ஐ.நா. தூதர் பதவி எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தன. அவரைப் பற்றி எழுதுபவர்கள் அமைச்சர் காலத்தைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். என் கணக்கு வேறு. அமைச்சராக இருந்த காலம் நடுவில் வந்த ஒரு கட்டம். அவருடைய உண்மையான தொழில் 1968இல் கிரீஸில் தொடங்கி 1993க்குப் பிறகு முழுமை பெற்றது. அந்தத் தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால், சட்ட வரைவு கையெழுத்தாகும் முன் அதன் உட்பிரிவைப் பிடிப்பது.

பிறப்பு 1924 ஆகஸ்ட் 3, லைடன் நகருக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ்ஹோட்டனில். லைடன் பல்கலைக்கழகத்தில் முதலில் சட்டம், பிறகு சமூகவியல். தொழிலாளர் கட்சியின் ஆய்வு நிறுவனத்தில் வேலை, அடுத்து அதே கட்சியின் சர்வதேசச் செயலாளர். 1960இல் நாடாளுமன்ற மேலவை, 1963இல் கீழவை. 1965–66இல் வெளியுறவுத் துறையில் இணை அமைச்சர். அப்போது மூத்த அமைச்சராக இருந்தவர் யோசப் லுன்ஸ். லுன்ஸ் ஆறடிக்கு மேல் உயரமும் ஓயாத நகைச்சுவையுமாக ஓர் அறையையே நிறைத்துவிடுபவர். வான் டெர் ஸ்டூல் அதற்கு நேர் எதிர். மேடைப்பேச்சு எடுபடாது, நிருபர்களுக்குத் தலைப்புச் செய்தி தரமாட்டார். அரசியலில் இது பெரிய குறைதான். பிற்பாடு அந்தக் குறையே அவருக்குக் கைகொடுத்தது.

1967 ஏப்ரல் 21 அன்று கிரீஸில் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். கிரீஸ் அப்போது ஐரோப்பியக் கவுன்சிலின் (ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இது வேறு) உறுப்பு நாடு. அந்தக் கவுன்சிலின் ஆலோசனைச் சபை நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பை 1968இல் வான் டெர் ஸ்டூலிடம் கொடுத்தது. அவர் அங்கே போய்ப் பலரைச் சந்தித்தார். கர்னல்கள் அவரை ஒரு கட்டத்துக்கு மேல் நாட்டுக்குள் விடவில்லை. அதற்குள் அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கர்னல்கள் ஒரு புதிய அரசியல் சாசனம் எழுதி, 1968 செப்டம்பர் 29 அன்று பொது வாக்கெடுப்பில் நிறைவேற்றிக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஜனநாயகம் திரும்பப்போவது போலத் தெரியும். அடிப்படை உரிமைகள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அந்த உரிமைப் பிரிவுகளில் பல, அரசு விரும்பும் நாள்வரை அமலுக்கு வராது என்று கடைசியில் ஒரு பிரிவு சொன்னது. நூறு பக்கத்தில் கொடுத்ததைக் கடைசிப் பக்கத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளும் வேலை. இதுபோன்ற ஆவணங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். தேர்தல் தேதி எங்கே என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கர்னல்களிடம் பதில் இல்லை.

அவருடைய அறிக்கையின் பேரில் 1969 ஜனவரியில் சபை பெரும் வித்தியாசத்தில் தீர்மானம் போட்டது. கவுன்சில் சாசனத்தின் 3ஆம் பிரிவு உறுப்பு நாடுகளிடம் கேட்கும் சட்டத்தின் ஆட்சியும் மனித உரிமையும் கிரீஸில் இல்லை. ஆகவே அமைச்சர்கள் குழு நடவடிக்கை எடுக்க வேண்டும். இன்னொரு பக்கம் டென்மார்க், நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகள் 1967 செப்டம்பரிலேயே ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்தில் கிரீஸ்மீது வழக்குப் போட்டிருந்தன. சித்திரவதை பற்றிய சாட்சியங்களை அந்த ஆணையம் திரட்டியது. வழக்கு நிதானமாக ஆதாரம் சேர்க்க, அரசியல் அறிக்கை கால அவகாசத்தை இறுக்க, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. 1969 டிசம்பர் 12 அன்று பாரிஸில் வாக்கெடுப்புக்கு அமைச்சர்கள் கூடியபோது தோல்வி நிச்சயம் என்று கண்ட கிரேக்க வெளியுறவு அமைச்சர் பிபினேலிஸ், நாங்களே விலகுகிறோம் என்று அறிவித்துவிட்டு வெளியேறினார்.

கர்னல்கள் அதன்பின்னும் நாலரை ஆண்டு ஆண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் அறிக்கை ஓர் ஆட்சியைக் கவிழ்த்ததாகச் சொல்வது மிகை. அந்த ஆட்சி ஐரோப்பாவில் மரியாதையோடு நடமாடும் வழியை அது அடைத்தது, அவ்வளவுதான். 1974 ஜூலையில் ஆட்சி விழுந்தது. நவம்பர் 28 அன்று கிரீஸ் கவுன்சிலுக்குத் திரும்பியது. அப்போது நெதர்லாந்தின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் வான் டெர் ஸ்டூல்.

யோப் டென் அய்ல் தலைமையிலான அமைச்சரவையில் 1973 மே முதல் 1977 டிசம்பர் வரை அவர் அமைச்சர். வந்து ஐந்து மாதத்துக்குள் அக்டோபர் போர் மூண்டது. இஸ்ரேலுக்குச் சாதகமான நாடு என்று கருதி அரபு நாடுகள் அமெரிக்காவோடு சேர்த்து நெதர்லாந்துக்கும் எண்ணெயை நிறுத்தின. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. ஜனங்கள் நெடுஞ்சாலையில் சைக்கிள் விட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் வெளியுறவு அமைச்சருக்கே தெரியாமல் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிய செய்தி பல ஆண்டு கழித்து வெளியே வந்தது. தன் மேசையைத் தாண்டி வேறொரு வெளியுறவுக் கொள்கை ஓடுவதை ஓர் அமைச்சர் கவனிக்காமல் போவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அமைச்சர் காலத்தில் உலகம் நினைவில் வைத்திருப்பது 1977 மார்ச் 1ஆம் தேதியைத்தான். அதற்கு ஒன்றரை ஆண்டு முன், 1975 ஆகஸ்ட் 1 அன்று ஹெல்சின்கியில் 35 நாடுகள் இறுதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. கருத்துகளும் மனிதர்களும் எல்லை தாண்டிப் போய்வருவது பற்றிய பகுதி அதில் இடம்பெற வேண்டுமென்று விடாப்பிடியாக நின்ற நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. செக்கோஸ்லோவாக்கியாவும் கையெழுத்திட்டது. அந்தக் கையெழுத்தை நினைவூட்டித்தான் 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை வெளிவந்தது. அதன் பேச்சாளர்கள் மூவர்: நாடக ஆசிரியர் ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹாயெக், தத்துவ அறிஞர் யான் பாதோச்கா.

வான் டெர் ஸ்டூல் அரசுமுறைப் பயணமாக பிராகுக்குப் போயிருந்தபோது, 69 வயதான பாதோச்கா ஹோட்டலில் அவரைச் சந்தித்தார். சிறிது நேரமே நீடித்த சந்திப்பு. ஹெல்சின்கியில் கையெழுத்திட்ட ஒரு நாட்டின் அமைச்சர் என்ற முறையில் அவர் காதுகொடுத்துக் கேட்டார். ஆனால் சாசனத்தினரின் பேச்சாளர் ஒருவரை ஒரு மேற்கு நாட்டு அமைச்சர் நேருக்கு நேர் சந்தித்ததே அந்த அரசுக்குப் பொறுக்கவில்லை. அதிபர் ஹுசாக் தன்னுடனான சந்திப்பை ரத்து செய்தார். பாதோச்காவை மணிக்கணக்காக விசாரித்தார்கள். மார்ச் 13 அன்று மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்தார். இறுதிச் சடங்கின்போது பேச்சு காதில் விழாதபடி மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டது. பிராகில் இப்போது வான் டெர் ஸ்டூல் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அமைதியாகச் செய்ய வேண்டியதைப் பகிரங்கமாகச் செய்தால் விலையை யார் கொடுக்க நேரிடும் என்ற கேள்வி அந்த மார்ச் மாதத்தைப் படிக்கும் எவருக்கும் எழும். சந்திக்காமல் விட்டிருந்தால் ஹெல்சின்கியில் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியும் கூடவே எழும். இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

பின்பு 1981–82இல் சில மாதங்கள் மறுபடி அமைச்சர். 1983 முதல் 1986 வரை நியூயார்க்கில் ஐ.நா. தூதர், 1986இல் அரசுப் பேரவை உறுப்பினர். இந்த ஆண்டுகளைத் தாண்டிச் செல்லலாம்.

1992இல் யூகோஸ்லாவியா எரிந்துகொண்டிருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததில் எல்லைகள் நகர்ந்து, நேற்றுவரை பெரும்பான்மையாக இருந்தவர்கள் சொந்த வீட்டில் இருந்தபடியே சிறுபான்மையானார்கள். தீ பிடித்த பிறகு தண்ணீர் தேடாமல், புகையும்போதே போகிற ஒருவர் வேண்டும் என்ற யோசனையை நெதர்லாந்து முன்வைத்தது. அதிலிருந்து பிறந்ததே இந்தப் பதவி. அலுவலகம் ஹேக்கில், கைவிரல்விட்டு எண்ணக்கூடிய ஆலோசகர்கள்.

பதவியின் விதிகளை நிதானமாகப் படித்தால் பேரம் எங்கெங்கே நடந்தது என்று தெரிந்துவிடும். பயங்கரவாதச் செயல்கள் அமைப்பு ரீதியாக நடக்கும் இடங்களில் அவர் தலையிடக் கூடாது. இதனால் வட அயர்லாந்தும் பாஸ்க் பகுதியும் துருக்கியின் குர்துப் பிரச்சினையும் ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து போயின. வன்முறையை ஆதரித்துப் பேசுவோருடன் தொடர்பு வைக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஈடாக ஒரு பெரிய சலுகையும் கிடைத்தது: ஒரு பிரச்சினையைக் கையில் எடுக்க எந்த அரசின் முன் அனுமதியும் வேண்டாம், உறுப்பு நாடுகளின் தீர்மானமும் வேண்டாம். எப்போது போவது, யாரைப் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்வார். 'சிறுபான்மை' என்பதற்கு வரையறையே தரவில்லை. பார்த்தால் எனக்குத் தெரியும் என்ற பொருள்பட அவர் ஒருமுறை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வரையறைக்குக் காத்திருந்திருந்தால் இன்றுவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் பயணம். தலைநகரில் அதிபர், பிரதமர், துறை அமைச்சர்கள், நாடாளுமன்றக் குழுத் தலைவர்கள். பிறகு சிறுபான்மையினர் வாழும் ஊருக்கே போய் அவர்களுடைய பிரதிநிதிகள். ஊர் திரும்பியதும் ஆலோசகர்களும் அவரும் சட்டத்தைப் பிரித்துப் போட்டுப் படிப்பார்கள். அடுத்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம். இந்தக் கடிதங்கள் நன்றி கூறித் தொடங்கும், அமைச்சரின் சிரமத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்லும், பிறகு இன்ன சட்டத்தின் இன்ன பிரிவை இப்படித் திருத்தலாம் என்று இறங்கும். ஆதாரமாக அந்த நாடே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை எடுத்து வைக்கும். 1990ஆம் ஆண்டின் கோபன்ஹேகன் ஆவணம் அடிக்கடி வரும். அமைச்சர் பதில் எழுதுவார். இரண்டையும் உறுப்பு நாடுகளுக்குச் சுற்றுக்கு விட்ட பிறகே பொதுவெளிக்கு வரும். சில மாதம் கழித்து மறுபடி பயணம்.

இதில் கெட்டுப்போக நிறைய இடம் உண்டு. கடிதம் முன்கூட்டியே பத்திரிகைக்குக் கசிந்தால், வெளிநாட்டானுக்கு அடிபணிய மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொல்வதைத் தவிர அமைச்சருக்கு வேறு வழி இருக்காது. தாமதமானால் சட்டம் கையெழுத்தாகிவிடும். கையெழுத்தான சட்டத்தைத் திருத்துவது பத்து மடங்கு கஷ்டம். நிறைய கேட்டால் கூட்டணிக் கட்சிகள் ஒத்துழைக்காது, குறைத்துக் கேட்டால் சிறுபான்மையினர் நம்ப மாட்டார்கள். அந்தந்த நாடாளுமன்றத்தில் எத்தனை ஓட்டு விழும் என்ற கணக்குத் தெரியாமல் உத்தமமான யோசனை சொல்வது இந்த வேலைக்கு உதவாது.

எஸ்தோனியாவில் இதைக் கிட்டே இருந்து பார்க்கலாம். 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் மட்டும் குடியுரிமை தானாகக் கிடைத்தது. சோவியத் காலத்தில் குடியேறியவர்கள், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் எனச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மக்கள் வெளியே நின்றார்கள். ரஷ்யா இதை ஒடுக்குமுறை என்றது. 1993 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் வான் டெர் ஸ்டூல், திட்டமிட்ட ஒடுக்குமுறைக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார், மாஸ்கோவுக்குக் கசந்தது. அதே கடிதத்தில், நாடற்றவர்களாகப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கொடுங்கள், வயதானவர்களை மொழித் தேர்விலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டார்; எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்குக் கசந்தது. இரண்டு பக்கமும் முகம் சுளித்தால் கடிதம் ஏறக்குறைய சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஜூன் 21 அன்று நாடாளுமன்றம் வெளிநாட்டவர் சட்டத்தை நிறைவேற்றியது. பல்லாண்டு அங்கேயே வாழ்ந்தவர்களும் புதிதாகக் குடியிருப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதிபர் லென்னார்ட் மெரி கையெழுத்திடாமல் சட்டத்தைக் கருத்துக் கேட்டு அனுப்பினார். உயர் ஆணையரின் கருத்தும் ஐரோப்பியக் கவுன்சிலின் கருத்தும் வந்தபின், ஜூலை 8 அன்று திருத்தப்பட்ட சட்டம் நிறைவேறியது. அதிபருக்கும் இது வசதி. சொந்த நாடாளுமன்றத்தோடு மோதாமல், வெளியாரின் கருத்தைக் காட்டிச் சட்டத்தைத் திருப்பி அனுப்ப முடிந்தது. இந்த வேலையில் பழி சுமப்பதும் ஒரு சேவை.

ஆனால் நார்வா அதற்குள் கொதித்திருந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் நார்வாக் கோட்டை, அந்தக் கரையில் ரஷ்யாவின் இவான்கொரோத் கோட்டை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஊர். மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுவோர். நார்வாவும் பக்கத்து ஊர் சில்லமாயேயும் ஜூலை 16, 17 தேதிகளில் தன்னாட்சி கேட்டுப் பொது வாக்கெடுப்பு நடத்துவதாக அறிவித்தன. அரசு அதைச் சட்டவிரோதம் என்றது. போலீஸை அனுப்பி வாக்குப்பெட்டியைப் பறிமுதல் செய்தால் ஆற்றின் அந்தக் கரையிலிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

வான் டெர் ஸ்டூல் தாலினுக்கும் நார்வாவுக்கும் இடையே போய்வந்தார். வாக்கெடுப்பு சட்டப்படி சரியா என்ற கேள்விக்குள் அவர் நுழையவே இல்லை. இரண்டு தரப்பிடமும் ஒவ்வொரு வாக்குறுதி வாங்கினார். அரசு பலாத்காரமாகத் தடுக்காது. ஊர்த் தலைவர்கள் தேசிய நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்பார்கள், நாட்டின் எல்லையை மதிப்பார்கள். வாங்கிய வாக்குறுதிகளைத் தன் பெயரில் அறிக்கையாக வெளியிட்டார். இங்கே மட்டும் அவர் பகிரங்கமாகப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. இரு தரப்பும் ஒன்றுக்கொன்று எதுவும் எழுதிக் கொடுக்காது, மூன்றாமவருக்குச் சொன்னதைப் பின்வாங்குவது சங்கடம். வாக்கெடுப்பு நடந்தது. நார்வாவில் சுமார் 54 சதவீதம் பேர் வந்தார்கள், வந்தவர்களில் 97 சதவீதம் ஆம் என்றார்கள். ஆகஸ்ட் 11 அன்று நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று செல்லாததாக்கியது. தலைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கல்கூட எறியப்படவில்லை. அதனால்தான் இதைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாது.

லாட்வியாவில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. அங்கே குடியுரிமை இல்லாதவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். 1994 ஜூனில் நிறைவேறிய சட்டம் ஒதுக்கீடு வைத்தது: 2000க்குப் பிறகு ஆண்டுக்குக் குடிமக்கள் தொகையில் 0.1 சதவீதம் பேருக்கு மட்டும் குடியுரிமை. அதாவது ஆண்டுக்கு 2,000 பேருக்கும் குறைவு. அதற்கு முன்பே பாதிப் பேர் நுழைந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் மீதிப் பேருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும். ஒதுக்கீடு வேண்டாம், யார் எப்போது விண்ணப்பிக்கலாம் என்று எல்லாருக்கும் முன்பே தெரியும்படி படிப்படியாகத் திறந்துவிடுங்கள் என்பது அவருடைய வாதம். அதிபர் உல்மானிஸ் சட்டத்தைத் திருப்பி அனுப்ப, ஜூலை 22 அன்று ஒதுக்கீடு நீக்கப்பட்ட சட்டம் வந்தது.

புதிய ஏற்பாட்டை 'ஜன்னல்கள்' என்றார்கள். லாட்வியாவில் பிறந்தவர்களில் 16 முதல் 20 வயதினருக்கு 1996இல் ஒரு ஜன்னல், 25 வயது வரையானவர்களுக்கு 1997இல் அடுத்தது, இப்படியே 2003 வரை. ஒதுக்கீட்டைவிட இது மேல்தான். ஆனால் ஜன்னல் திறந்தும் ஆட்கள் வரவில்லை. கட்டணம் அதிகம், மொழித் தேர்வோடு வரலாற்றுத் தேர்வும் உண்டு, குடிமகன் ஆனால் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை. இதைக் கண்டதும் வான் டெர் ஸ்டூலின் கடிதங்கள் சில்லறை விஷயங்களுக்கு இறங்கின: கட்டணத்தைக் குறையுங்கள், தேர்வை எளிதாக்குங்கள், ஜன்னல்களையே எடுத்துவிடுங்கள், 1991 ஆகஸ்டுக்குப் பின் பிறந்த நாடற்ற குழந்தைகளைப் பதிவு செய்து குடிமக்களாக்குங்கள். 1998 ஜூனில் நாடாளுமன்றம் இதற்கு இணங்கியது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்து திரட்டி அதைப் பொது வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். அக்டோபர் 3 அன்று சுமார் 53 சதவீதம் பேர் திருத்தத்தை ஆதரித்தார்கள். 1994இல் ஒப்புக்கொண்ட சமரசம் நான்கு ஆண்டை விழுங்கிவிட்டது. அப்போதே ஜன்னல்களையும் எதிர்த்திருக்கலாமே என்று கேட்பது எளிது. எதிர்த்திருந்தால் ஒதுக்கீடே தங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த நாடுகள் ஏன் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தன என்பதையும் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். அவை ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேரத் துடித்தன. 1993 ஜூனில் ஒன்றியம் வகுத்த நிபந்தனைகளில் சிறுபான்மையினர் பாதுகாப்பும் ஒன்று. நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்க அவருடைய கடிதங்களைப் பலரும் புரட்டினார்கள். கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்து இருந்தாலும் அதன் எடை புரூசெல்ஸிலிருந்து வந்தது. அந்த ஆசை இல்லாத மத்திய ஆசியாவில் அதே நடையில் எழுதிய கடிதங்கள் அந்த அளவுக்கு எடுபடவில்லை.

ஒவ்வொரு நாட்டிலும் அதே மூன்று கேள்விகள் எழுந்தன: பள்ளியில் எந்த மொழி, அலுவலகத்திலும் பெயர்ப்பலகையிலும் எந்த மொழி, ஆட்சியில் எவ்வளவு பங்கு. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதற்குப் பதில் நிபுணர்களைக் கூட்டிப் பொது வழிகாட்டி எழுதவைத்தார். கல்விக்கு 1996இல் ஹேக் பரிந்துரைகள், மொழிக்கு 1998இல் ஒஸ்லோ, பங்கேற்புக்கு 1999இல் லுண்ட். கல்விப் பரிந்துரைகளைப் படித்தால் அவருடைய கை தெரியும். தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழிப் பாடம், அரசு மொழியும் ஒரு பாடம். அதை இரு மொழியும் தெரிந்த ஆசிரியர் நடத்துவது நல்லது. உயர்நிலையில் அரசு மொழிவழிப் பாடங்களைப் படிப்படியாகக் கூட்டலாம். முழக்கம் எதுவும் இல்லை, வகுப்பறையின் கால அட்டவணைதான்.

விதிகளின்படி அவர் கையில் ஒரு மணி உண்டு: 'முன்னெச்சரிக்கை'. நிலைமை தன் கையை மீறிவிட்டது என்று உறுப்பு நாடுகளுக்கு முறைப்படி அறிவிப்பது. எட்டரை ஆண்டில் அதை ஒரே ஒருமுறைதான் அடித்தார், 1999 மே 12 அன்று. கொசோவோவிலிருந்து தப்பி வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், இருபது லட்சம் பேர் வாழ்ந்த மாசிடோனியாவில் (இன்றைய வட மாசிடோனியா) நிரம்பியிருந்தார்கள். அடிக்கடி அடித்தால் மணிக்கு மதிப்பு போய்விடும். அடித்துவிட்டாலோ அமைதியான வேலை அத்தோடு முடிந்தது.

இதே காலத்தில் அவருக்கு நேர்மாறான வேலை ஒன்றும் இருந்தது. 1991 முதல் 1999 வரை ஐ.நா.வின் ஈராக் மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர். 1992 ஜனவரியில் ஒருமுறை உள்ளே விட்டார்கள். அவருடைய அறிக்கையைப் படித்தபின் விடவே இல்லை. குர்துகள் மீதான அன்ஃபால் படுகொலை, தெற்கின் சதுப்பு நிலங்களை வற்றவைத்தது எல்லாவற்றையும் ஆண்டுக்காண்டு எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதற்கு இணை சொல்வது அரிது என்ற அளவுக்குப் போனார். பாக்தாத்தில் பேசிப் பயனில்லை என்பதால் உலகத்துக்குக் கேட்கும்படி எழுத வேண்டியிருந்தது. தாலினுக்கு மெல்லிய குரல், பாக்தாத்துக்கு உரத்த குரல். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே ஆண்டில் பேசினார்.

2001இல் பிரதமர் விம் கோக் அவரிடம் ஒரு குடும்ப விவகாரத்தைக் கொடுத்தார். பட்டத்து இளவரசர் வில்லெம் அலெக்ஸாண்டர் மணக்கவிருந்த மாக்சிமாவின் தந்தை ஹோர்கே சோரெகியேத்தா, அர்ஜென்டினாவில் விதேலாவின் ராணுவ ஆட்சியில் வேளாண்மைப் பொறுப்பில் இருந்தவர். அவர் திருமணத்துக்கு வந்தால் நாடாளுமன்றம் ஒப்புதல் தருமா என்பதே சந்தேகம். வராதே என்று மணப்பெண்ணின் அப்பாவிடம் சொல்ல வேண்டும், அவரே அதைத் தன் முடிவாக ஏற்கவும் வேண்டும். வான் டெர் ஸ்டூல் வெளிநாட்டில் ரகசியமாக அவரைச் சந்தித்துப் பேசினார். மார்ச் 30 அன்று நிச்சயம் அறிவிக்கப்பட்டபோது அப்பா வரமாட்டார் என்ற செய்தியும் சேர்ந்தே வந்தது; பேச்சு நடந்ததே அன்றுதான் ஊருக்குத் தெரியும். நார்வாவில் செய்ததையேதான் இங்கேயும் செய்தார்.

அதே மாதங்களில் மாசிடோனியாவில் தெத்தோவோ நகரை ஒட்டிய மலைகளில் சண்டை. அங்கே அல்பேனியர்கள் தங்கள் மொழியில் பல்கலைக்கழகம் கேட்டு 1994இலேயே அனுமதியின்றி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். 1995 பிப்ரவரியில் போலீஸோடு மோதலில் ஓர் உயிர் போனது. அரசியல் சாசனம் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் மட்டுமே சிறுபான்மை மொழிக் கல்வியைப் பற்றிப் பேசியது. இந்த முடிச்சை அவிழ்க்க வான் டெர் ஸ்டூல் பல ஆண்டு அலைந்தார். கடைசியில் கிடைத்த வழி: அரசுப் பல்கலைக்கழகம் வேண்டாம், வெளிநாட்டு நிதியில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், அல்பேனியம், மாசிடோனியம், ஆங்கிலம் மூன்றிலும் பாடம். 2000இல் உயர்கல்விச் சட்டம் மாறி அதற்கு இடம் கொடுத்தது. 2001 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது துப்பாக்கிச் சத்தம் தொடங்கியாயிற்று. ஆகஸ்ட் 13 அன்று சண்டையை முடிவுக்குக் கொண்டுவந்த ஓரித் ஒப்பந்தம் வந்தது. பல்கலைக்கழகம் அந்த ஆண்டின் இறுதிக்குள் திறந்தது. ஏழு ஆண்டு தாமதம். பழைய அல்பேனியப் பல்கலைக்கழகமோ கடையைக் கட்டவில்லை. 2004இல் அதுவும் அரசு அங்கீகாரம் பெற, ஒரே சிறிய ஊரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஆயின.

அவர் பதவியில் ரோல்ஃப் எகேயுஸ் என்ற ஸ்வீடன்காரர் வந்து உட்கார்ந்தார். வான் டெர் ஸ்டூல் 2011 ஏப்ரல் 23 அன்று ஹேக்கில் 86 வயதில் இறந்தார். தெத்தோவோவின் மும்மொழிப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.